நாரைக்கு அண்ணன் கொடுத்த குரல்

அந்தக் கார்ட்டூனைப் படமாக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தியைப் பார்த்தபோது நான் விழுப்புரத்தில், நான் வேலை செய்யும் ஸ்கேன் சென்டரின் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டாம் டோக்கன் உள்ளே போயிருந்தது. கைபேசியில் ஒரு படம் வந்தது. ஒரு படகு, படகில் ஒரு பையன், படகின் நுனியில் ஒற்றைக்காலில் நிற்கும் கிழட்டு நாரை. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து பத்தொன்பதாம் டோக்கன்காரரும் எழுந்து வந்துவிட்டார். அவரை மறுபடி உட்காரச் சொல்வதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், தன் ரிப்போர்ட்டில் ஏதோ இருக்கிறது போல என்று அவர் பயந்துபோனார்.

கார்ட்டூனின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்று பத்துப் பேர் வருவார்கள். அவர்களுக்குத் தெரிந்தது வேறு, எனக்குத் தெரிந்தது வேறு. கதை இவ்வளவுதான். கடலோரம் முழுக்கக் கலங்கரை விளக்கங்கள் அணைந்துகொண்டே வருகின்றன. அந்தப் பையனும் நாரையும் படகில் போய் ஒவ்வொன்றாக ஏற்றுகிறார்கள். ஒரு மூடுபனி அவர்களைத் துரத்திக்கொண்டே வருகிறது. இதை நான் திண்டிவனத்தில், ஒரு டிவி கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று, ஒரு சொட்டுச் சத்தம் இல்லாமல் பார்த்தேன்.

அம்மா அந்தக் கடைக்கு எதிரே ஒரு நர்சிங் ஹோமில் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தாள். ஆறு மணிக்குத்தான் விடுவார்கள். அப்பா கரும்பு வெட்டப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். எங்கள் ஊர் திருவக்கரை போகும் வழியில் இருக்கிறது. அம்மா வந்த பிறகுதான் டவுன் பஸ் ஏற முடியும். நான் இரண்டாம் வகுப்பு, அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, அம்மா வெளியே வரும்வரை என்னை வைத்துக்கொண்டு நிற்பது அவன் பொறுப்பு. ஐந்தரை மணிக்குக் கடைக்குள் இருந்த எட்டு டிவியிலும் ஒரே சமயத்தில் அந்தப் படகு வரும்.

ஏசி போட்டிருந்ததால் கண்ணாடிக் கதவு எப்போதும் மூடியே இருக்கும். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. படிக்குக் கீழே, நடைபாதையில் நின்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கண்ணாடியைத் தொடக்கூடாது, அது ஒன்றுதான் சட்டம். ஒருநாள் நான் பார்க்கும் வேகத்தில் படியேறி மூக்கைக் கண்ணாடியில் அழுத்திவிட்டேன். வாட்ச்மேன் வந்து, "பாப்பா, எண்ணெ மூக்க கொணாந்து கண்ணாடில வெக்காத, ஓனரு என்னத்தான் திட்டுவாரு" என்றார். அம்மா அப்போதுதான் சாலையைக் கடந்து வந்தாள். முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நாள் முழுக்கத் துடைத்துவிட்டு வந்தவள். அன்றிலிருந்து படிக்கு மேலே நான் போனதில்லை.

முதல் நாலைந்து நாள் வெறும் வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க என்று அண்ணனைப் பிடுங்கி எடுத்தேன். அவன் மட்டும் எங்கே கேட்டான், பாவம். தொல்லை தாங்காமல் ஒருநாள் எனக்குப் பின்னால் வந்து நின்று, குனிந்து, என் காதருகே பேச ஆரம்பித்தான். நாரை இரண்டு இறக்கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும். அதனால் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தான். பையன் சின்னவன் ஆனான். மூடுபனிக்குப் பேஜாரு என்று பெயர். "மேஸ்திரி, பேஜாரு வருது, ஜல்தி துடுப்பு போடு" என்று சின்னவன் கத்துவான். "எனக்குக் கை இல்லடா, ரெக்கதான் இருக்கு, நீ போடு" என்று மேஸ்திரி சொல்லும். நான் நடைபாதையில் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அண்ணனுக்கு இருந்தது ஒரே குரல். அதுவும் அந்த வயதில் உடைந்துகொண்டிருந்த குரல், பாதி வாக்கியத்தில் மேலே போகும், பாதியில் கீழே இறங்கும். சின்னவன் பேசுகிறானா மேஸ்திரி பேசுகிறதா என்று எனக்குக் குழம்பிப்போகும். நான் யாரு, யாரு என்று கேட்டுக் கேட்டுக் கதையைக் கெடுத்தேன். அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். என் இரண்டு தோளிலும் கையை வைத்துக்கொள்வான். சின்னவன் பேசினால் வலது தோளில் ஓர் அழுத்து. மேஸ்திரி பேசினால் இடது தோள். பேஜாரு வந்தால் இரண்டு தோளும் சேர்ந்து, கொஞ்சம் வலிக்கிற மாதிரி. ஒரு வாரத்தில் எனக்குப் பழகிவிட்டது. அழுத்திய உடனேயே, அவன் வாயைத் திறக்கும் முன்பே, யார் பேசப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். கண்ணாடியில் அவன் முகமும் மங்கலாகத் தெரியும், அதனால் நான் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கார்ட்டூன் ஓடியது. ஒவ்வொரு நாளும் மேஸ்திரியின் கடைசி வசனம் ஒன்றேதான். "அம்மா வந்துடுச்சி, கெளம்பு."

கடைசி எபிசோடு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கடைசி விளக்குக்குப் போகும் வழியில் மேஸ்திரிக்கு இறக்கை ஒடிந்துவிடுகிறது. அது விளக்கின் அடியிலேயே தங்கிவிடுகிறது. சின்னவன் மட்டும் படகில் ஏறிப் போகவேண்டும். அவன் போகமாட்டேன் என்கிறான். நான் அழ ஆரம்பித்தேன். அப்போது நாரையின் அலகு மூன்று முறை திறந்து மூடியது. என் இடது தோளில் மூன்று அழுத்து விழுந்தது.

"போய்க்கினே இரு."

"திரும்பிப் பாக்காத."

"நான் பின்னாலதான் இருக்கேன்."

சின்னவன் துடுப்புப் போட்டுக்கொண்டு போனான். எட்டு டிவியிலும் கடல் வெள்ளையாக ஆனது. அதற்குப் பிறகு ஷாம்பு விளம்பரம் வந்தது.

அடுத்த வாரம் அண்ணன் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டான். தனியார் பஸ்ஸில் கிளீனராகச் சேர்த்துவிட அப்பா பேசி முடித்திருந்தார். அந்தக் கடைசி எபிசோடு அன்று அவனுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது. அதன் பிறகு மூன்று வருஷம் அந்தக் கண்ணாடி முன்னால் நான் தனியாகத்தான் அம்மாவுக்காக நின்றேன். வேறு வேறு கார்ட்டூன்கள் வந்தன. வாய்கள் அசைந்தன, அவ்வளவுதான்.

அவன் கிளீனரில் இருந்து கண்டக்டர் ஆனான். திண்டிவனம் விழுப்புரம் வண்டி. உடைந்த குரல் நல்ல கனத்த குரலாக இறங்கியிருந்தது. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று அவன் கூவினால் பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடி வரை கேட்கும். நான் கல்லூரிக்கு அந்த வண்டியில்தான் போவேன். கூட்டத்துக்கு நடுவில், "மேஸ்திரி, உள்ள ஏறி நில்லு" என்று என்னைப் பார்த்துக் கத்துவான். யாரைச் சொல்கிறான் என்று எல்லாரும் தேடுவார்கள். எனக்கு மானம் போகும். ஆனால் ஒருநாள் அவன் கூப்பிடவில்லை என்றால் அன்று முழுக்க எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எனக்குக் கல்யாணமாகி விழுப்புரம் வந்த பிறகு, அந்தக் கார்ட்டூன் தமிழ்க் குரலோடு இணையத்தில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். நாரை சுத்தமான செந்தமிழில் பேசியது. அது பையனின் ஆசிரியராம். மூடுபனி கெட்டதே இல்லையாம், கடலின் துக்கமாம். கடைசிக் காட்சியில் அந்த மூன்று அலகசைப்பில் நாரை, "ஒளி என்பது உனக்குள்ளேயே இருக்கிறது, குழந்தாய்" என்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரோ வந்து எங்கள் வீட்டில் புகுந்து சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டது போல இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நீ சொன்னது ஒண்ணுகூட அதுல இல்லண்ணா."

"அப்ப ரீல் வுட்டது தெரிஞ்சிப்போச்சா" என்று சிரித்தான். பின்னால் பஸ் சத்தம்.

"கடைசிலயும் வேறதான் சொல்லுது."

"அன்னிக்கு நீ அழுதுக்கினு இருந்த. அதான் அப்படிச் சொன்னேன். வண்டி எடுக்கறாங்க, வெச்சிடு."

அந்தப் போன் பேச்சை நான் பதிவு செய்து வைத்திருக்கலாம். செய்யவில்லை. அவன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் ஆள் இல்லை. எதுவானாலும் நேராகக் கூப்பிட்டுவிடுவான். என் கல்யாண வீடியோவில் அவன் நான்கு இடத்தில் வருகிறான், நான்கு இடத்திலும் நாதஸ்வரம்தான் கேட்கிறது. அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து, குரல்வளையை எடுத்த பிறகுதான் இதெல்லாம் எனக்கு உறைத்தது. வாயில் எந்நேரமும் புகையிலை அடக்கிக்கொண்டிருந்தவன். சொன்னால் கேட்கவில்லை. நானும் ஒரு கட்டத்துக்கு மேல் சொல்வதை விட்டுவிட்டேன். அதை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விட்டான். அதன் மேல் ஒரு சின்னத் துணி கட்டியிருப்பான். பேச்சு போனது எல்லாருக்கும் தெரியும். விசிலும் போனது யாருக்கும் தோன்றவில்லை. வாயில் மூச்சு வந்தால்தானே ஊத முடியும். பஸ் முதலாளி நல்ல மனுஷர், அவனை அனுப்பிவிடாமல் திண்டிவனம் ஸ்டாண்டில் வண்டிகளுக்கு நேரம் பார்க்க வைத்தார். வண்டி புறப்பட வேண்டிய நேரம் வந்தால் பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவான். வண்டி நகரும். மீதி எல்லாம் கைபேசியில் எழுதிக் காட்டுவதுதான். அதிலும் இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதமாட்டான். யாரோடும் உட்கார்ந்து டிவி பார்ப்பதைக்கூட விட்டுவிட்டான். கல்யாணம் அவன் பண்ணிக்கொள்ளவே இல்லை, வீட்டில் அம்மாவும் அவனும்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை இல்லாமல் சாப்பிட்டு எழுவார்கள்.

அந்த நாட்களில்தான் படச் செய்தி வந்தது. அண்ணனுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "மேஸ்திரி இருக்கா?" ஆபரேஷனுக்குப் பிறகு அவனாகக் கேட்ட முதல் கேள்வி அது. கவுன்ட்டரில் உட்கார்ந்துகொண்டு அதையே பத்து முறை படித்தேன்.

அதற்குள் எனக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. அவன் சொன்ன வார்த்தைகள் எல்லாம் எனக்கு நினைவிருந்தன. சத்தம் நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போய்க்கினே இரு என்று சொல்லிப் பார்ப்பேன், என் குரல்தான் கேட்கும். ஒரு வருஷத்தில் ஒரு மனுஷனின் குரல் இப்படி மறந்துபோகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் காட்சி அப்படியே, அந்த மூன்று அலகசைப்போடு, மறுபடி கண் முன்னால் வந்தால் குரலும் கூடவே வந்துவிடும் என்று நம்பினேன். இணையத்தில் இருந்த பழைய எபிசோடுகளில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று தேடினால், படம் அறிவித்த கையோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார்கள். இனி அந்தக் காட்சி மிச்சமிருக்கும் ஒரே இடம் வரப்போகும் படம்தான். அவர்கள் அதை மாற்றிவிட்டால் அண்ணன் வசனம் உட்கார இடமே இல்லை.

இப்படித்தான் நான் இணையத்தில் ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன். சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன்களும் விளையாடிய வீடியோ கேம்களும் படமாக வரும்போது எதையும் மாற்றக்கூடாது என்று சண்டை போடுகிறவர்கள் கூட்டம். முப்பது, நாற்பது வயசு ஆட்கள். ஒருவர், தான் கம்ப்யூட்டர் சென்டரில் மணிக்கணக்கில் விளையாடிய கேமைப் படமாக எடுத்தபோது நாயகன் ஓடும் ஓட்டத்தையே மாற்றிவிட்டார்கள் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரு வில்லனின் மேலங்கி நிறத்துக்காக அழுதார். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். அப்போது சிரிப்பு வரவில்லை. அந்த ஓட்டத்துக்குப் பின்னால் அவருக்கு யார் இருந்தார்களோ.

படத்தின் முன்னோட்டத்தில் நாரை சாம்பலில் இருந்து நீலமாகியிருந்தது. கூட்டமே கொதித்தது. நான் போலிப் பெயரில் ஒரே ஒரு வரி எழுதினேன். நீலமோ பச்சையோ, கடைசிக் காட்சியில் மட்டும் கை வைக்காதீர்கள். அதற்கு ஒருவன், அது பழைய காலத்து அழுகாச்சி, மாற்றினால் நல்லது என்று எழுதினான். அவனோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். சோறு வடிக்கும்போதுகூட ஒரு கையில் போன். என் வீட்டுக்காரர், "யாரு அவன், பணம் ஏதாவது தரணுமா நமக்கு?" என்று கேட்டார்.

படம் கோடைக்கு என்றார்கள். அப்புறம் ஆயுதபூஜைக்கு என்றார்கள். ஆயுதபூஜைக்கும் வரவில்லை. அந்த இடைவெளியில் அண்ணனுக்கு மறு ஸ்கேன் எங்கள் சென்டரிலேயே எடுத்தோம். ரிப்போர்ட்டை நான் திரையில் முதலில் பார்த்தேன். ஆறு வருஷமாக அந்த வார்த்தைகளைத் தட்டச்சு செய்கிறவள் நான், யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. நுரையீரலுக்கு வந்திருந்தது. அவன் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய், "நல்லாதான் இருக்குதாம்ணா" என்றேன். அவன் தலையாட்டினான். கைபேசியை எடுத்து எழுதிக் காட்டினான். "படம் எப்போ?"

அவன் இன்னும் இருப்பான் என்று மருத்துவர் என்னிடம் சொன்ன காலமும் படக்காரர்கள் சொன்ன காலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. காலையில் எழுந்ததும் நான் பார்ப்பது வெளியீட்டுத் தேதி தள்ளிப்போயிருக்கிறதா என்றுதான். சாமி படத்துக்கு முன்னால் நின்று கார்ட்டூன் படம் சீக்கிரம் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட பொம்பளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெறுமனே வந்தால் போதாது, மாற்றாமல் வரவேண்டும் என்று அதையும் சேர்த்து வேண்டினேன்.

கடைசியில் மார்கழி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. விழுப்புரத்தில் தமிழில் போட்டார்கள். ஞாயிறு பகல் காட்சிக்கு இரண்டு சீட்டு எடுத்தேன், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக.

"பக்கத்துல பக்கத்துல கெடைக்கலியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாத்துதான் எடுத்தேன்" என்றேன்.

அண்ணன் தன் பழைய வண்டியில், முன்சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினான். சட்டை தோளில் தொங்கியது. தியேட்டரில் நான் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டு, பின்வரிசையில் எனக்கு நேர் பின்னால் இருந்த இடத்தைக் காட்டினேன். அந்த இடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். போய் உட்கார்ந்தான். இருட்டியது.

சின்னவன் வந்தான். இப்போது நிஜப் பையன், சுருட்டை முடி. நாரை கம்ப்யூட்டரில் செய்தது. நீலமாகத்தான் இருந்தது, ஆனால் இறக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தது. எனக்கு உயிர் வந்தது. பையன் ஏதோ கேட்டான். என் வலது தோளில் ஒரு விரல் பட்டது. கை நீட்டும்போது தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்தேன். நாரை பதில் சொன்னது. இடது தோளில் ஒரு கை அமர்ந்து அழுத்தியது.

அதற்குப் பிறகு அந்தத் தியேட்டரில் ஒலித்த ஒரு வசனமும் எனக்குக் கேட்கவில்லை. வலது, இடது, இடது, வலது. விளக்குகளை அப்படியேதான் எடுத்திருந்தார்கள், ஒவ்வொன்றும் நான் பார்த்த வரிசையில் வந்தது. எனக்குக் கை இல்லடா, ரெக்கதான் இருக்கு என்ற இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். திரையில் அப்போது யாரோ செத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா தன் பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார். மூடுபனி வந்தபோது இரண்டு தோளும் அழுந்தின. முன்பு வலிக்கும். இப்போது ஒரு துண்டை எடுத்துப் போட்டது போலத்தான் இருந்தது. அவ்வளவுதான் அவனிடம் பலம் இருந்தது.

இடைவேளையில் அவனுக்கு மூச்சு வாங்கியது. போயிடலாமா என்று கேட்டேன். கையை ஆட்டி, திரையைக் காட்டினான்.

கடைசி விளக்கு வந்தது. நாரைக்கு இறக்கை ஒடிந்தது. அடிவாரத்தில் உட்கார்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சின்னவன் போகமாட்டேன் என்றான். எல்லாம் அப்படியே, ஒரு கல் மாறவில்லை. நாரை நிமிர்ந்து அவனைப் பார்த்தது. இப்போது அலகு திறக்கவேண்டும்.

திறக்கவில்லை. சின்னவன் குனிந்து நாரையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். படகில் ஏற்றினான். பாட்டு ஆரம்பித்தது. இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். தியேட்டரில் குழந்தைகள் எல்லாம் கைதட்டினார்கள். மாற்றிவிட்டார்கள். இத்தனை மாதம், இத்தனை வேண்டுதல், அந்த ஒரு காட்சியைத்தான் மாற்றினார்கள். எழுந்து போய்விடலாம் என்று கைப்பிடியைப் பிடித்தேன்.

அப்போது என் இடது தோளில் அழுத்து விழுந்தது. திரையில் யாரும் பேசவில்லை, படகு போய்க்கொண்டிருந்தது. ஓர் அழுத்து. கொஞ்சம் விட்டு இரண்டாவது. இன்னும் கொஞ்சம் விட்டு மூன்றாவது. மூன்றாவது மட்டும் நீண்ட நேரம் இருந்தது.

அவனுக்கு ரிப்போர்ட் தெரிந்திருந்தது. நான் சொன்ன பொய்யை அவன் ஒரு நிமிஷம்கூட நம்பியிருக்கவில்லை. அந்தக் கை விலகும் முன்பே அது எனக்குப் புரிந்துவிட்டது. முன்பு ஒரு தரம் அதே மூன்றைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் வேலைக்குக் கிளம்பிப் போனான். திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று உடம்பெல்லாம் பதறியது. ஆனால் இரண்டாவது அழுத்து என்ன சொன்னது என்று எனக்குத் தெரியும். நான் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரலும் வரவில்லை. கை மட்டும் இருந்தது.

விளக்குப் போட்ட பிறகு திரும்பினேன். அதற்குள் முகத்தைத் துடைத்துவிட்டு, கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டிருந்தான். கைபேசியில் எழுதிக் காட்டினான். "படம் சுமார்."

வெளியே வந்து அவனை வண்டி ஏற்றினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளிப்பக்கத் தகரத்தில் அவனே இரண்டு தட்டுத் தட்டினான். வண்டி நகர்ந்தது.

மாசி மாதம் அண்ணன் போய்விட்டான். அந்தக் கூட்டத்தில் இன்னும் சண்டை நடக்கிறது. நாரையைக் காப்பாற்றியது சரியா தப்பா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் எதுவும் எழுதுவதில்லை. யார் எதை எப்படி மாற்றி எடுத்தாலும் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை.

போன மாதம் வேலையாகத் திண்டிவனம் போனபோது அந்தக் கடை வழியாக நடந்தேன். இப்போது அங்கே மருந்துக் கடை, கண்ணாடி மட்டும் அதே கண்ணாடி. படிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். என் முகம் தெரிந்தது, எனக்குப் பின்னால் போகிற பஸ்கள் தெரிந்தன. சின்ன வயதில் அவன் பேசும்போது திரும்பாமலேயே அவன் முகம் எனக்கு இதில் தெரியும். தியேட்டரில் கண்ணாடி இல்லை. மூன்றாவது அழுத்தின்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. மாற்றாதே, மாற்றாதே என்று ஊரோடு சண்டை போட்டவள் நான். அவன் சொன்ன வசனத்தை மாற்றாமல், அப்படியே கேட்டு நடந்தவளும் நான் ஒருத்திதான்.

திரும்பிப் பார்த்திருக்கலாம்.